எட்வினின் எடை

பெட்டி வாசலில் சிக்கிக்கொண்டது. முன்னால் இருந்த மூன்று பேர் கூடத்துக்குள் வந்துவிட்டார்கள், பின்னால் இருந்த மூன்று பேர் இன்னும் தெருவில் நின்றார்கள். பெட்டியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"சுவத்துல இடிக்காதீங்கய்யா, சுண்ணாம்பு உதிருது," என்றார் எனோக் மாமா. அவரும் பின்னால் ஒரு தோள் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சுண்ணாம்பு கிடக்கட்டும். தலைப்பக்கம் தூக்கு, கால்பக்கம் இறக்கு, இடதுபக்கம் திருப்பு." ஹன்னாவின் குரல் கூடத்துக்குள்ளிருந்து வந்தது. "இந்தத் தெருவுல எத்தனை பெட்டி ஏத்தி இறக்கியிருக்கேன். எங்கிட்டயே வழி சொல்றீங்க."

அவள் சொன்னபடி திருப்பினார்கள். பெட்டி உள்ளே வந்தது.

ஹன்னாவின் மகள் ஐவி சமையலறைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி எட்வின் கிறிஸ்துமஸ் லீவு முடிந்து போய் ஆறு வாரம்தான் ஆகிறது. அன்றைக்கு இதே வாசலில் தலையைக் குனியாமல் நிமிர்ந்து போனான். குண்டுவீச்சு விமானத்தின் வாலில் உட்கார்ந்து சுடுகிறவனுக்கு உயரம் ஆகாது என்று அவனைத் தேர்ந்தெடுத்ததே அவன் குள்ளம் என்பதால்தான். பெர்லினுக்குப் போய் குண்டு போட்டுவிட்டுத் திரும்பி வந்த விமானம், சொந்த ஓடுதளத்துக்கு இரண்டு மைல் முன்னால் மூடுபனியில் குன்றில் மோதி எரிந்துவிட்டது. அது அவனுடைய பத்தொன்பதாவது பயணம். வீட்டிலிருந்து இவ்வளவு பக்கத்தில் செத்ததால்தான் அவன் வீட்டுக்கே வந்தான். ஜெர்மனியில் விழுந்தவர்களின் வீடுகளுக்குத் தந்தி மட்டும்தான் வந்தது.

பெட்டியை இரண்டு முக்காலிகள்மேல் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு க்ளெக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பாவம், ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"நல்ல கனம், ஹன்னாக்கா. படையில நல்லாத்தான் சோறு போட்டிருக்காங்க."

ஹன்னா அவரைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். அம்மா வாயை மூடினால் ஏதோ வரப்போகிறது என்று ஐவிக்குத் தெரியும்.

டென்பி தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள். அத்தனையிலும் யார் செத்தாலும் டாக்டருக்கு முன்னால் ஹன்னாவுக்குத்தான் ஆள் வரும். அவளுடைய அலமாரியின் அடி இழுப்பறையில் எப்போதும் இரண்டு வெள்ளைத் துப்பட்டி, வெள்ளைக் காலுறை, தாடையைக் கட்ட ஒரு துணி, புது சோப்பு எல்லாம் தயாராக இருக்கும். ஆலையில் பன்னிரண்டு மணி நேரம் தறியோட்டிவிட்டு வந்த களைப்பிலும் போய்க் கழுவித் துடைத்து, தலைவாரி, கைகளை மார்பில் வைத்துவிட்டு வருவாள். தெருவில் பாதிப் பேர் அவளைக் கண்டால் ஒதுங்குவார்கள், மீதிப் பேர் அவளைக் கேட்காமல் சாக மாட்டார்கள். தன் புருஷனையும் அவளேதான் கழுவினாள். ஐவி மட்டும் ஒரு நாளும் கூடப் போனதில்லை. பிணம் என்றால் அவளுக்கு நடுக்கம். "எனக்கப்புறம் இந்தத் தெருவுல எல்லாரும் அழுக்கோடதான் மேல போகணும்," என்று அம்மா சொல்லிக்காட்டுவாள்.

தூக்கி வந்தவர்கள் போய்விட்டார்கள். வீட்டில் நான்கு பேர்தான் மிஞ்சினார்கள்: ஹன்னா, ஐவி, எனோக் மாமா, பிறகு பெட்டியோடு ரயிலில் துணைக்கு வந்த கார்ப்பரல் லோமாக்ஸ். முப்பது வயதிருக்கும், நகத்திடுக்கெல்லாம் எண்ணெய்க் கறை. எட்வினின் விமானத்தைப் பழுதுபார்க்கும் ஆள். தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, கொடுத்த டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான். சட்டைப் பையில் ஒரு தாள். பெட்டியை எக்காரணத்தைக் கொண்டும் திறக்கக் கூடாது என்று அதில் அச்சடித்திருந்தது, மாமா அதை வாங்கி இரண்டு தடவை உரக்கப் படித்துவிட்டார்.

ஹன்னா எழுந்து போய்ப் பெட்டியின் கால்பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். ஒரு விரற்கடை எழும்பியது. அப்படியே மெதுவாக இறக்கி வைத்தாள்.

"இது எட்வின் இல்ல."

கார்ப்பரல் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஹன்னா, மனசைத் தேத்திக்கோ," என்றார் மாமா.

"மனசுக்கு ஒண்ணும் இல்ல. எம் புள்ள நூத்திமுப்பது ராத்தல். கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப அவன் கால்சட்டைய இடுப்புல பிடிச்சுத் தைச்சதே நான்தான். இதுல இருக்கறவன் இருநூறுக்குக் குறைய மாட்டான்."

"மரம் இருக்கு, இரும்புக் கைப்பிடி இருக்கு..."

"மரம் எவ்வளவு, கைப்பிடி எவ்வளவு, ஆள் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதாண்ணே? நீ சபையில பாட்டு நடத்து, யாராவது குறுக்க வர்றாங்களா? இது என் வேலை." அவள் கார்ப்பரல் பக்கம் திரும்பினாள். "தம்பி, ஏழு பேர் போனாங்க. ஏழு பெட்டி அனுப்பினீங்க. எது எதுல யாருன்னு மாறிப்போயிருந்தா? எவளோ ஒருத்தி பெத்தவனை நான் இங்க புதைச்சிட்டு, எம் புள்ளைய அவ அங்க புதைச்சிட்டா?"

"மாறலம்மா." லோமாக்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மத்தவங்க எல்லாரும் முன்னால இருந்தாங்க. வால் மட்டும் தனியா முறிஞ்சு கிடந்தது. அதுல எட்வின் ஒருத்தன்தான். நான்தான்..."

"நீதான் என்ன?"

"நான்தான் எடுத்தேன்."

சமையலறையில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் அதை இறக்கப் போகவில்லை.

"கழுவினியா?" என்று கேட்டாள் ஹன்னா.

அவன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லப்போகிறான் என்றுதான் ஐவி நினைத்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

"இல்லம்மா. நேரம் குடுக்கல."

"அப்ப நான் கழுவணும்," என்று ஹன்னா ரவிக்கையின் கைகளை மடித்துவிட்டாள்.

மாமா பதறி எழுந்துவிட்டார். "பைத்தியமா உனக்கு? அரசாங்க உத்தரவு. ராஜா பேர்ல வந்திருக்கு."

"ராஜாவே நேர்ல வந்து சொல்லட்டும். டீ போட்டுத் தரேன்."

"அவன் எந்தக் கோலத்துல இருக்கானோ, ஹன்னா! பெத்தவ பாக்கக் கூடாதுன்னுதானே மூடி அனுப்பியிருக்காங்க?"

"அவங்க பாத்திருக்காங்க, இந்தத் தம்பி பாத்திருக்கு, ரயில்வேக்காரன் வரைக்கும் தூக்கிப் பாத்திருக்கான். நான் மட்டும் பாக்கக் கூடாதா? ரெண்டு வருஷம் அவங்ககிட்ட குடுத்து வச்சிருந்தேன். இப்ப எம் வீட்டுக்குள்ள இருக்கான். இங்க என் உத்தரவு."

மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு, பாதிரியாரைக் கூட்டி வருகிறேன் என்று வெளியேறினார். பாதிரியார் வீடு மலைக்கு மேலே இருக்கிறது, போய் வர ஒரு மணி நேரமாவது ஆகும். அது அவருக்கும் தெரியும். அவர் ஓடியது பாதிரியாருக்காக இல்லை என்று ஐவிக்குத் தோன்றியது. எட்வினுக்குக் கார்னெட் வாத்தியம் ஊதக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவராலும் பார்க்க முடியாது.

லோமாக்ஸ் எழுந்து பெட்டிக்கு முன்னால் நின்றான். "அம்மா, நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். தெரிஞ்சா என்னை உள்ள தள்ளிடுவாங்க."

"எந்த ஊரு தம்பி உனக்கு?"

"போல்ட்டன்."

"எங்களுக்கு ஆகாத லாங்கஷயரா!" ஹன்னா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, அது உன் தப்பில்ல. எங்க யார்க்‌ஷயர் தண்ணி உங்க ஆளுங்க வயித்துக்கு ஒத்துக்காது. இப்ப உனக்கு வயித்தைக் கலக்குது. கக்கூஸு பின்னால இருக்கு. நீ அங்க போயிருந்தப்ப இங்க என்ன நடந்ததுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் பையில் கைவிட்டு நீளமான ஒரு திருப்புளியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"திருகு எட்டு இருக்கும்மா. கால்பக்கம் ஒண்ணு கொஞ்சம் இறுக்கம். எனக்கு வயிறு ரொம்ப மோசம், முக்கால் மணி நேரம் ஆகும்."

பின்கதவு சாத்திக்கொண்டது.

"ஐவி, வெந்நீர்."

"அம்மா, என்னால முடியாதும்மா."

"முடியாதுன்னு எனக்கும் தெரியும். வெந்நீர் கொண்டு வா."

அவள் வாளியில் நீர் ஊற்றிக் கொண்டுவந்தபோது மூடி திறந்து சுவரோடு சாய்த்து வைத்திருந்தது. ஐவி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அங்கே மளிகைக் கடைக் காலண்டர் தொங்கியது. பிப்ரவரி 1944. அம்மாவின் மூச்சு ஒரு தடவை நின்று மறுபடி வந்தது அவள் காதில் விழுந்தது. பிறகு தொப்பென்று ஏதோ தரையில் விழுந்தது. மறுபடி தொப். மறுபடி.

"மண்ணு," என்றாள் ஹன்னா. "மண்ணு மூட்டைடி. எம் புள்ளைய ஒரு மூலையில ஒதுக்கிட்டு மண்ணை நிரப்பி அனுப்பியிருக்கானுங்க."

ஐவி திரும்பிப் பார்த்துவிட்டாள். தடித்த கான்வாஸில் தைத்த சின்ன மூட்டைகள், ஆறு. தூக்குகிறவர்கள் தோளில் ஆள் கனம் தெரிய வேண்டுமே என்று வைத்தவை. வைத்தவன் நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பான், ஆனால் தன் கணக்குக்கு ஒரு முழு ஆளின் எடையை வைத்துவிட்டான். எட்வின் எவ்வளவு என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பெட்டியின் தலைமாட்டில், சாம்பல் நிறப் போர்வையில் சுற்றித் தைத்த ஒரு பொதி இருந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அளவுகூட இல்லை.

ஹன்னா கத்தரிக்கோலால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "நீ அந்தப் பக்கம் பாரு. நான் கூப்பிடறப்ப வா."

எவ்வளவு நேரம் ஆனது என்று ஐவிக்குத் தெரியவில்லை. பெட்ரோல் வாசனையும் கருகல் வாசனையும் வந்தன. அம்மா ஏதோ முணுமுணுத்தாள். அது ஜெபம் இல்லை. வேலை செய்யும்போது அவள் பிணங்களோடு பேசுவாள் என்று தெருவில் சொல்வார்கள். "இரு, இரு... ஆச்சு, ஆச்சு... இப்படித் திரும்பு ராசா."

"ஐவி. வா. இதைப் பாரு."

வலது கால். கணுக்காலுக்குக் கீழே ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. பறக்கும்போது போடுகிற தடித்த பூட்ஸும் மூன்று அடுக்குக் காலுறையும் காப்பாற்றி வைத்திருந்தன. இரண்டாவது விரல் பெருவிரல்மேல் ஏறிக் கோணலாகக் கிடந்தது.

அந்த விரலை அப்படி ஆக்கியது ஐவிதான். அவளுக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஒன்பது. இஸ்திரிப் பெட்டியைக் கைதவறிப் போட்டுவிட்டாள். வளர்ந்த பிறகும் அவன் அதை விடவில்லை. படையில் சேர்ந்த அன்றைக்கு எழுதிய கடிதத்தில்கூட, "நடக்கிற படைக்கு இந்தக் கால் ஆகாதாம், உன் புண்ணியத்தில் நான் உட்கார்ந்துகொண்டே சண்டை போடப்போகிறேன்," என்று எழுதியிருந்தான்.

ஐவி ஓடவில்லை. இன்னும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காலை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் எதற்காகப் பயந்தோம் என்று அவளுக்குக் கோபம் வந்தது.

கழுவுவதற்கு அது ஒன்றுதான் இருந்தது. ஹன்னா அதை அரை மணி நேரம் கழுவினாள். விரலிடுக்கு, குதிகால், நகம். நகத்தை வெட்டினாள். துண்டால் ஒற்றித் துடைத்தாள். இழுப்பறையிலிருந்து வெள்ளைக் காலுறையை எடுத்து மாட்டிவிட்டாள். ஜோடியில் ஒன்று மிஞ்சியது. அதை மடித்துத் தன் இடுப்புத் துணிக்குள் செருகிக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் புதுத் துப்பட்டியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்தாள், மூலையில் இல்லை. திருகுகளை ஐவி முடுக்கினாள்.

லோமாக்ஸ் உள்ளே வந்து தரையில் கிடந்த மூட்டைகளைப் பார்த்தான். இந்த முறை டீயைக் குடித்தான். ஹன்னா ரொட்டியில் மாட்டுக்கொழுப்பு தடவிக் கொடுத்தாள்.

"அவனைப் பத்திச் சொல்லு," என்றாள். "எங்கிட்ட எழுதாதது எதையாவது சொல்லு."

அவன் யோசித்தான். முகம் சிவந்தது. "சொல்லலாமான்னு தெரியலம்மா. ஏறுறதுக்கு முன்னால விமானத்தோட பின்சக்கரத்துல எல்லாரும்... ஒண்ணுக்குப் போவாங்க. ராசின்னு ஒரு நம்பிக்கை. எட்வின் எப்பவும் கடைசியாப் போவான், ரொம்ப நேரம் போவான். சக்கரம் துருப்பிடிக்குதுடான்னு நான் கத்துவேன். 'எட்டு மணி நேரம் தனியா முதுகைக் காட்டி உக்காரப்போறவன் நான், உன் சக்கரம்தான் உனக்குப் பெருசா'ன்னு கேப்பான். பத்தொன்பது தடவையும் இதே சண்டை."

ஹன்னா முதலில் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தாள். சத்தமாக, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அதற்குப் பிறகு வந்ததைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஐவி எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

மறுநாள் காலை தெரு கூடியபோது ஆறு மண் மூட்டைகளும் வாசல்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. க்ளெக்கின் மனைவி, "என்னக்கா, மண்மூட்டை அடுக்கியிருக்க, ஜெர்மன்காரன் மறுபடி குண்டு போட வரானா?" என்று கேட்டாள். ஹன்னா மறைக்காமல் சொன்னாள். க்ளெக்கின் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வாய் பொத்திக்கொண்டதைத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

எனோக் மாமா முகம் வெளுத்து உள்ளே வந்தார். பாதிரியாரைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"ஹன்னா, நடந்தது நடந்துபோச்சு. அந்த மூட்டைய எடுத்து உள்ள வச்சிடு."

"எதுக்கு?"

"தூக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும். பெட்டி அப்படியே மேல வந்துடும். ஊரே பேசும். அவன் மரியாதைக்குத்தான் சொல்றேன்."

"அவன் மரியாதையா?" ஹன்னா கறுப்புத் தொப்பியில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். "நூத்திமுப்பது ராத்தல் குடுத்தேண்ணே. திருப்பி இவ்வளவுதான் குடுத்தாங்க. மிச்சத்துக்கு மண்ணைப் போட்டு, இந்தாம்மா உன் புள்ளைன்னு சொன்னா நான் தலையாட்டணுமா? ஊர் பேசட்டும். இந்தத் தெருவுலயே இன்னும் பதினோரு பசங்க போயிருக்காங்க. அவங்க அம்மாங்க தெரிஞ்சுக்கட்டும்."

"நான் இதுக்குத் தோள் குடுக்க மாட்டேன்."

"குடுக்காதே."

அவள் வாசலுக்குப் போய், தூக்க வந்து நின்ற மற்ற ஐந்து பேரையும் பார்த்துச் சொன்னாள். "உங்களுக்கு முன்னாடியே சொல்லிடறேன். நேத்து நீங்க தூக்கினது மண்ணு. இன்னிக்கு எட்வினை மட்டும் தூக்கப் போறீங்க. லேசாத்தான் இருப்பான். முடியாதுன்னு தோணறவங்க இப்பவே போயிடலாம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

யாரும் போகவில்லை. க்ளெக் மூக்கைச் சிந்திவிட்டு முதல் ஆளாக உள்ளே வந்தார்.

முன்பக்கத்து வலது மூலைக்கு ஆள் இல்லை. மாமா அலமாரியோரம் நின்று தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். லோமாக்ஸ் ஓர் அடி முன்னால் வந்தான். அதற்குள் ஐவி போய் அந்த மூலையில் தோளைக் கொடுத்துவிட்டாள்.

"பொம்பளைங்க தூக்கறது இல்லையேம்மா," என்றார் க்ளெக், மெதுவாக.

"எனக்குத் தெரியும்," என்றாள் ஐவி. "தூக்குங்க."

தூக்கினார்கள். எவ்வளவுதான் சொல்லியிருந்தாலும் பழக்கப்பட்ட கைகள் பழக்கப்பட்ட வேகத்தில் தூக்கிவிட்டன. பெட்டி தோளைத் தாண்டி எழும்பி ஒரு கணம் தள்ளாடியது. ஐந்து ஆண்களும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். பிறகு அதைத் தோளில் இறக்கிக்கொண்டார்கள்.

தெருவின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். ஹன்னா முன்னால் நடந்தாள். பிள்ளைகளைப் படைக்கு அனுப்பியிருந்த பெண்கள் பெட்டியைப் பார்க்கவில்லை, அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களின் தோள்களைப் பார்த்தார்கள். பின்னால் லோமாக்ஸின் பூட்ஸ் சத்தம் ஒரே தாளத்தில் வந்தது. அதற்கும் பின்னால் தாளம் தப்பி இன்னொரு ஜோடி பூட்ஸ் வருவது ஐவிக்குக் கேட்டது. அது மாமாவுடையது. அவரும் வருகிறார்.

கல்லறைக்குப் போகிற பாதை செங்குத்தான ஏற்றம். பாதி வழியில், ஆலை மதிலை ஒட்டி, மேல்பக்கம் தேய்ந்த ஒரு நீளக் கல் இருக்கிறது. அந்த ஊரில் எந்தப் பெட்டியும் அதைத் தாண்டி நேராகப் போனதில்லை. அங்கே இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, தோள் மாற்றிக்கொண்டுதான் மேலே ஏறுவார்கள். ஐவியின் அப்பாவை இறக்கி வைத்த இடமும் அதுதான்.

கல்லை நெருங்கியதும் ஆண்களின் நடை தானாகவே தளர்ந்தது. க்ளெக் கையைக் கைப்பிடிக்குக் கொண்டுபோனார்.

"நிக்காதீங்க," என்றாள் ஹன்னா, திரும்பிப் பார்க்காமல்.

க்ளெக் கையை எடுத்துவிட்டார். ஐவி கல்லைக் கடந்து ஏறினாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை, தோளும் வலிக்கவில்லை.